அழ வைக்காத கண்ணாடி

நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கான கண்ணாடி என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது கண்ணாடி இல்லை, கண்ணீர். பரிசாக வந்த பெட்டியை ஒருவர் பிரிப்பார், கண்ணாடியை மாட்டிக்கொள்வார், பூச்செடிப் பக்கம் திரும்புவார், அடுத்த நொடி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவார். சுற்றி நிற்கும் குடும்பமும் சேர்ந்து அழும். இப்படி எத்தனையோ காணொளிகள். அவற்றைப் பார்த்து நான் மயங்கவில்லை என்று சொன்னால் பொய். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் கண்ணாடியைத் திருப்பி அனுப்பவும் இல்லை. ஏன் என்று விரிவாகவே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நான் வாங்கும்முன் படிக்கத் தேடியது இப்படி ஒன்றைத்தான்.

தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வராது. இந்த வகைக் கண்ணாடிகளில் பலவும் ஒரே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. நான் சொல்வதில் பாதிக்கு மேல் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் என் கண்ணைப் பற்றி. எனக்கு இருப்பது டியூட்டரனாமலி, அதாவது பச்சைப் பக்கத்துக் கோளாறு. விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஒன்று 420 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில் (நீலப் பக்கம்) ஒளியை அதிகம் வாங்கும், இன்னொன்று 530 அருகில், மூன்றாவது 560 அருகில். கடைசி இரண்டும் ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. எல்லோருக்கும் அந்தச் சின்ன இடைவெளியிலிருந்துதான் சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்ற வேறுபாடெல்லாம் பிறக்கிறது. எனக்கு நடுக் கூம்பு மூன்றாவதை நோக்கி நகர்ந்துவிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்கின்றன. மூளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதிகம் இல்லை, அவ்வளவுதான். என் உலகம் கறுப்பு வெள்ளை இல்லை. வானம் நீலம், எலுமிச்சை மஞ்சள், எந்தச் சந்தேகமும் இல்லை. கரும்பச்சையும் பழுப்பும், வெளிர் இளஞ்சிவப்பும் சாம்பலும், ஊதாவும் நீலமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இதைக் கேட்டதும் உடனே ஏதாவது ஒரு பொருளைத் தூக்கிக் காட்டி, "அப்போ இது என்ன கலர்?" என்று கேட்பவர்களிடம் நான் இப்போது கறுப்பு என்று மட்டும்தான் பதில் சொல்கிறேன், எதைக் காட்டினாலும்.

இது அபூர்வமான கோளாறும் இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 8 பேருக்கு ஏதோ ஒரு அளவில் சிவப்பு-பச்சைக் குழப்பம் உண்டு, பெண்களில் 200 பேருக்கு ஒருவர்தான். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இந்த ஏற்றத்தாழ்வு. என் மகளுக்கு நிறப்பார்வை துல்லியமாக இருக்கிறது, ஆனால் என் மரபணு அவளிடம் கட்டாயம் இருக்கும். இந்தக் கண்ணாடியைச் சோதித்ததில் பாதி வேலை அவளுடையது. நான் பார்த்ததை அவள் பார்ப்பதோடு ஒப்பிட்டுச் சொல்ல ஆள் வேண்டுமே.

சரி, கண்ணாடி என்ன செய்கிறது? இரண்டு கூம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று அதிகம் படியும் இடம் இருக்கிறதல்லவா, மஞ்சள் பக்கத்து ஒளி. அந்தப் பட்டையை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறது. குழப்பம் தரும் ஒளி போனபின் மிச்சம் இருக்கும் பச்சையும் சிவப்பும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கும். டான் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கக் கண்ணாடி விஞ்ஞானி லேசர் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்காகப் பாதுகாப்புக் கண்ணாடி தயாரித்தார். அதை நிறக்குறைபாடுள்ள நண்பர் ஒருவர் சும்மா வாங்கிப் போட்டுப் பார்த்தபோதுதான் இந்த யோசனையே பிறந்தது. ஆக, இது நிறம் சேர்க்கும் கருவி இல்லை. ஒளியைக் கழிக்கும் கருவி. இல்லாத கூம்பை எந்தக் கண்ணாடியும் கொண்டுவர முடியாது. வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை நிதானமாக யோசித்துவிட்டுப் பணம் கட்டினால் பாதி ஏமாற்றம் குறையும்.

கழிக்கிறது என்பதை நேரில் பார்க்க எனக்கு ஒரு நல்ல வாய்ப்புக் கிடைத்தது. மாலை மழை விட்டதும் வானவில் வந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்கு அதில் மஞ்சளும் நீலமும்தான் உருப்படியாகத் தெரியும், சிவப்பு ஓரம் மேகத்தோடு போய்விடும். கண்ணாடியோடு பார்த்தபோது வெளி விளிம்பு முதல்முறையாக எங்கே முடிகிறது என்று தெரிந்தது. சந்தோஷம். ஆனால் மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய மங்கல். நான் வாழ்நாள் முழுக்க நம்பியிருந்த ஒரே நிறம் அது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

வெயிலில், மரம் செடி உள்ள இடத்தில், இந்தக் கண்ணாடி தன் வேலையைச் செய்கிறது. இதை ஐயமின்றிச் சொல்வேன். புதர் முழுக்கச் சிவப்புப் பூ பூத்திருந்தால் கிட்டே போகும்வரை எனக்கு அது வெறும் புதர்தான். இப்போது தூரத்திலிருந்தே பூக்கள் இலையைவிட்டுத் தனியே நிற்கின்றன. பூ தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வது யாருக்காக என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதற்குப் பதில் நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா தெரியும். பறவைகளுக்குச் சிவப்பும் தெரியும், புற ஊதாவும் தெரியும், நிறக் கூம்பே நான்கு வகை. பறவைகளை நம்பி மகரந்தம் அனுப்பும் பூக்களில் பலவும் சிவப்பாக இருப்பது சும்மா இல்லை. அந்த விளம்பரப் பலகை இத்தனை காலமும் என் முன்னால் இருந்தும் நான் படிக்கவில்லை, தேனீயின் கட்சியில் இருந்திருக்கிறேன்.

எனக்கு நிஜமாகவே ஆச்சரியம் தந்தது பூ இல்லை, தளிர். சில மரங்களின் இளந்தளிர்கள் சிவந்து பிறக்கும் என்பதைப் படித்திருக்கிறேன். என் கண்ணுக்கு அவை வாடிய இலைபோலப் பழுப்பாகத்தான் இருந்தன, அதனால் எந்த மரம் துளிர்க்கிறது, எந்த மரம் காய்கிறது என்று தூரத்திலிருந்து எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. கண்ணாடியோடு பார்த்தால் கிளை நுனிகள் மட்டும் வேறு ஏதோ ஒன்றாக, உயிரோடு, எரிவதுபோலத் தெரிகின்றன. ஆந்தோசயனின் என்ற நிறமி. பச்சையம் இன்னும் முழுதாகச் சேராத இலையை வெயிலிலிருந்து காக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். மகள் "அப்பா, இது தினமும் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

ஆனால் அதே நடையில் இன்னொன்றும் நடந்தது. இலையோடு இலையாக உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளி, கிளைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பூச்சி, இவற்றையெல்லாம் எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடிப்பவன் நான்தான். கண்ணாடி போட்டதும் அந்தக் கை கொஞ்சம் தளர்ந்தது. நிற வேறுபாடு கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, வடிவத்தைத் தேடும் பழக்கம் பின்னால் போய்விடுகிறது. இது என் கற்பனை இல்லை. நிறத்தால் மறைக்கப்பட்ட வடிவங்களை நிறக்குறைபாடு உள்ளவர்கள் கண்டுபிடிப்பதையும், சாதாரணப் பார்வை உள்ளவர்கள் அங்கே தடுமாறுவதையும் 1992இல் பிரிட்டனில் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். கோஸ்டா ரிக்காவின் வெண்முகக் கப்புச்சின் குரங்குகளில் ஆண்கள் எல்லோருக்கும் இரண்டு கூம்புதான், பெண்களில் சிலருக்கு மூன்று. ஒளிந்திருக்கும் பூச்சியைப் பிடிப்பதில் இரண்டு கூம்புக் குரங்குகளின் கை ஓங்கியிருப்பதாக 2007இல் வெளிவந்த களஆய்வு சொல்கிறது. குறைபாடு என்று ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கத்தில் இதையும் எழுத வேண்டும்.

புலியையும் இங்கே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். பச்சைக் காட்டில் ஆரஞ்சு நிறத்தில் திரியும் விலங்கு எப்படி ஒளியும்? பாலூட்டிகளின் முடியில் உள்ள நிறமிகளால் பச்சை வராது, ஆரஞ்சுதான் எட்டும் தூரம். ஆனால் மானுக்கு இரண்டு கூம்புதான், அதன் கண்ணில் புலியும் புதரும் ஒரே நிறம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2019இல் கணினி வழியே இதை அளந்து காட்டினார்கள். புலிப் படத்தை மகளிடம் காட்டி "இது ரொம்ப எடுப்பாகத் தெரிகிறதா?" என்று கேட்டேன். "அப்பா, நெருப்பு மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அப்படி இல்லை. கண்ணாடி போட்டும் அப்படி இல்லை.

அந்தப் புலி திரையில் இருந்தது ஒரு காரணம். ஒளி மூலம் மாறினால் இந்தக் கண்ணாடி வேறு கண்ணாடியாகிவிடுகிறது, பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கைப்பேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குவியலாகத்தான் ஒளியை அனுப்புகிறது. கண்ணாடி வெட்டுகிற இடத்தில் அதற்கு ஏற்கெனவே சரக்கு குறைவு. வெட்ட எதுவும் இல்லை, மாற்றமும் இல்லை. வீட்டு எல்இடி விளக்கில் கதை நேர்மாறு. நீல ஒளியை, மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சில் பாய்ச்சி வெள்ளை உண்டாக்கும் விளக்குகள் அவை. அந்த மஞ்சள் பகுதியில் பெரும் பங்கு போய்விடுவதால் அறையே இருண்டு, எல்லாம் ரோஜா சாயம் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. பழைய குறைந்த அழுத்தச் சோடியம் தெருவிளக்கின் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் 589 நானோமீட்டரில்தான். என் கண்ணாடிக்கு அந்த விளக்கு அரைகுறையாக அணைந்த விளக்கு. இரவில் இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அட்டையில் பெரிதாகப் போட வேண்டிய விஷயம்.

வேதியியலில் அணுக் கொள்கை தந்த ஜான் டால்டன் தன் கண்ணில் ஏதோ வித்தியாசம் என்று கண்டுபிடித்ததே விளக்கு மாறியதால்தான். 1792இல் ஒரு ஜெரேனியப் பூ பகலில் அவருக்கு வான நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிந்தது. மற்றவர்களுக்கு இரண்டு வெளிச்சத்திலும் ஒன்றுதான். தன் கண்ணுக்குள் உள்ள நீர்மம் நீலச் சாயம் கொண்டது என்று முடிவு கட்டினார், இறந்தபின் திறந்து பார்க்கவும் சொல்லிவைத்தார். 1844இல் திறந்தார்கள், நீர்மம் தெளிவாக இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த கண்ணிலிருந்து 1995இல் மரபணு எடுத்துப் பார்த்ததில், அவருக்கு நடுக் கூம்பு நிறமியே இல்லை என்று தெரிந்தது.

இனி அந்தக் கையேடு. பெட்டிக்குள் வழவழ தாளில் ஒரு மடிப்புத் தாள். சிவப்பு உற்சாகம், பச்சை அமைதி, ஊதா ஆன்மிகம் என்று ஒரு பட்டியல், "நீங்கள் இதுவரை இழந்திருந்த உணர்வுகள்" என்று மேலே தலைப்பு. இதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. நான் எந்த உணர்வையும் இழந்திருக்கவில்லை. நிறத்தைப் போட்டால் உணர்வு பொத்தான்போல எரியும் என்ற நம்பிக்கை புதிதல்ல. 1979இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனையில் கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள். கைதிகளின் ஆவேசம் அடங்குகிறது என்ற செய்தி பரவி, பல நாட்டுச் சிறைகள் அதே சாயத்தைப் பூசின. சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்து 2015இல் வெளியிட்டபோது, வெள்ளை அறைக்கும் இளஞ்சிவப்பு அறைக்கும் ஆவேசத்தில் வேறுபாடு கிடைக்கவில்லை.

நிறத்துக்கும் உணர்வுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 30 நாடுகளில் 4,598 பேரிடம் கேட்டு 2020இல் வெளியான ஆய்வில் சிவப்பைக் காதலோடும் கோபத்தோடும், கறுப்பைத் துக்கத்தோடும், மஞ்சளை மகிழ்ச்சியோடும் சேர்ப்பது பல நாடுகளிலும் ஒத்துப்போனது. ஆனால் அதே ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்தவர்கள் சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ள ஆண்களிடமும் கேட்டார்கள். எங்கள் பதில்களும் ஏறத்தாழ அதேதான்! பார்த்துத்தான் உணர வேண்டும் என்றில்லை என்றுதானே இதற்கு அர்த்தம். சிவப்பு என்றால் ரத்தம், நெருப்பு, அபாயம் என்று எனக்கும் சின்ன வயதிலிருந்து ஊறிப்போயிருக்கிறது. கண்ணில் அது மங்கல், மனதில் மங்கல் இல்லை. காணொளியில் அழுபவர்கள் நடிக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேமரா ஓடுகிறது, வீட்டார் சுற்றி நின்று முகத்தையே பார்க்கிறார்கள், வாழ்க்கையில் ஒரு பெரிய கதவு திறக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லியாயிற்று. அந்த இடத்தில் சாதாரண வெயில் கண்ணாடி போட்டாலும் எனக்கு வந்திருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் கையேட்டோடு கொஞ்சம் ஒத்துப்போகிறேன். முகம். கோபத்தில் முகம் சிவப்பது, வெட்கத்தில் கன்னம் சிவப்பது எல்லாம் எனக்குக் கதையில் படித்த விஷயங்கள். மனிதனுக்கும் சில குரங்குகளுக்கும் மூன்றாவது கூம்பு வந்தது எதற்கு என்பதற்குப் பழைய விளக்கம், இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்க. மார்க் சாங்கிசி என்ற ஆய்வாளர் 2006இல் இன்னொன்று சொன்னார். தோலுக்கு அடியில் ரத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பதற்காக. நிறம் நன்றாகப் பார்க்கும் குரங்குகளுக்கு முகத்தில் முடி குறைவாக இருப்பதை அவர் சான்றாகக் காட்டினார். எது சரியோ, வெயிலில் ஓடி விளையாடிவிட்டு வந்த மகளின் கன்னத்தில் ஏதோ ஏறியிருப்பதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை, சும்மா ஓடிய சூடு. என் மனைவி கோபத்தில் இருக்கும்போதும் சோதித்துப் பார்த்தேன். எதற்கு முறைத்துப் பார்க்கிறாய் என்று கோபம் இன்னும் ஏறியது. அந்தச் சோதனையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் நண்பர் ஒருவருக்கு நடுக் கூம்பு முற்றிலும் வேலை செய்யாது, டால்டன் வகை. அவரிடம் கொடுத்தேன். பத்து நிமிடம் போட்டுச் சுற்றிவிட்டு, "எல்லாம் கொஞ்சம் ஊதாவாக இருக்கிறது, அதுக்கு மேல ஒண்ணும் இல்லப்பா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். எதிர்பார்க்க வேண்டியதுதான். ஸ்பெயினின் கிரனடா பல்கலைக்கழகம் 2018இல் இந்த வகைக் கண்ணாடி ஒன்றைச் சோதித்து, நிறப்பார்வைச் சோதனைகளில் தேர்ச்சி கூடவில்லை, சில நிறங்கள் மட்டும் வேறாகத் தெரிகின்றன என்று எழுதியது. இன்னொரு பக்கம் 2020இல் வந்த ஒரு ஆய்வில், என்னைப் போல நகர்ந்த கூம்பு உள்ளவர்கள் தொடர்ந்து போட்டுவந்தபின், கழற்றிய நிலையிலும் சிவப்பு-பச்சை வேறுபாட்டைக் கூடுதலாக உணர்ந்தார்கள் என்று வந்தது. என் அனுபவத்தில் அந்தப் பலன் எனக்குத் தெரிந்ததா என்று கேட்டால், தளிர்களை இப்போது வெறுங்கண்ணாலும் தேடிப் பார்க்கிறேன். கண் மாறியதா, கவனம் மாறியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

நிஜமான மருந்து வேறு திசையில் இருக்கிறது. டால்டன் என்று பெயர் வைத்த ஒரு அணில் குரங்குக்கும் அதன் தோழனுக்கும் விழித்திரையில் புது மரபணு செலுத்தி, வயது வந்த பிறகும் மூன்று கூம்புப் பார்வை வரவழைத்ததை 2009இல் வெளியிட்டார்கள். மனிதருக்கு இன்னும் கடைக்கு வரவில்லை, வந்தாலும் விழித்திரைக்குப் பின்னால் ஊசி போட நான் வரிசையில் நிற்பேனா தெரியாது.

யார் வாங்கலாம்? முதலில் கண் மருத்துவரிடம் போய் எந்த வகை, எவ்வளவு என்று சோதித்துக்கொள்ளுங்கள். லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு, அதுவும் கூம்பு நகர்ந்த வகை என்றால், வெளியில் அதிகம் நடப்பவர், செடி கொடி பறவை பார்ப்பவர் என்றால் பிடிக்கலாம். கூம்பே இல்லாத வகை என்றால் பணத்தை வேறு எதற்காவது வையுங்கள். வேலைக்கான இஷிஹாரா சோதனையில் (வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கும் சோதனை) தேறுவதற்காக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை, வேண்டாம். அங்கே கழற்றச் சொல்வார்கள், சொல்லாவிட்டாலும் சிக்னலும் வயரும் பார்க்கிற வேலையில் அது மற்றவர் உயிரோடு விளையாட்டு. பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் கேமராவைத் தயவுசெய்து உள்ளே வையுங்கள். அழ வராதவர் பாடு ரொம்பச் சங்கடம்.

மற்றபடி பொருள் எப்படி என்றால், சட்டம் இலேசானது, காதில் உறுத்தவில்லை, மூக்குப் பிடி வியர்வையில் வழுக்குகிறது. கூடவே வந்த உறை கொஞ்ச நாளிலேயே ஜிப் பிய்ந்துவிட்டது. வில்லையில் விரல்பட்டால் தெரியும், துடைக்க மென்துணி மட்டும்தான். வழக்கமாகப் பவர் கண்ணாடி போடுபவர்கள் அதே பவரில் இந்த வில்லை கிடைக்குமா என்று ஆர்டர் போடும்முன் கேட்டுவிடுங்கள். மேலே மாட்டும் வகையில் ஓரங்களில் வெளிச்சம் கசிந்து உள்ளே வருகிறது, அப்போது வெட்டிய மஞ்சள் எல்லாம் பக்கவாட்டில் திரும்பி வந்துவிடும்.